எண்ணெய்ச் சட்டி வைத்த வீடு

டிசம்பர் 6, வெள்ளி

திங்கள்சந்தையிலிருந்து தகவல் வந்துவிட்டது. 28ஆம் தேதி சனிக்கிழமை ஜெபிஷாவுக்கு நிச்சயம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இருபத்தொன்பது வயதுப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் சர்ச்சில் தலைகுனிந்து ஜெபம் பண்ணுவது எவ்வளவு பெரிய தண்டனை என்று பெற்றவளுக்குத்தான் தெரியும். முன்பு இரண்டு இடம் வந்தது. முதல் பையனுக்கு வேறு எங்கோ மனசு இருந்தது. இரண்டாவது இடம் எல்லாம் பேசி முடித்த பிறகு என் மாமியார் நேரம் பார்த்துக் கண்ணை மூடினார். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு நல்ல காரியம் கிடையாது. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைப்பதும் கிடையாது. சொந்தக்காரர்கள் பலகாரம் கொண்டுவந்து தந்தால் தின்னலாம், அவ்வளவுதான். வேதத்தில் இப்படி ஒரு வரியும் இல்லை. ஆனால் வேதத்தில் இல்லாததைத்தான் எங்கள் ஆட்கள் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருடம் முடிய எங்கே காத்திருந்தார்கள்? வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள்.

இந்த மாப்பிள்ளையின் அம்மா செல்வபாய் அவர்கள் சபையில் பெண்கள் சங்கத் தலைவி. முறை தவறினால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். போனில் முதல் கேள்வியே, "பலகாரம் வீட்டுல செய்யுததா, கடையில வாங்குததா?" என்பதுதான்.

"எங்க வீட்டுல கடைப் பலகாரம் ஏத்தவே மாட்டோம்" என்றேன்.

ஷாலெட்டிடம் விவரத்தைச் சொன்னேன். ஷாலெட் என் தம்பி ரசலின் மனைவி. அவன் குவைத்தில், இவள் எங்களோடு. கல்யாணமாகி நாலு வருடம், மடியில் ஒன்றும் இல்லை. வேலைக்காவது உதவட்டும்.

டிசம்பர் 9, திங்கள்

அச்சு முறுக்குக்கு அச்சைத் தேடி எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாயிற்று. முந்திரிக்கொத்துக்குக் கருப்பட்டி வந்துவிட்டது. கேக்குக்கு உலர்ந்த பழங்கள் ஊறுகின்றன.

நிச்சயத்தன்று ஜெபிஷாவுக்குத் தாய்மாமன் சேலை கொடுக்க வேண்டும். ரசலுக்கு லீவு இல்லை. அவனுக்குப் பதிலாக ஷாலெட் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நல்ல நாள் எது, கெட்ட நாள் எது என்று தெரியாத முகம் அவளுக்கு. சிரிக்கச் சொல்லிப் பழக்க வேண்டும்.

ராத்திரி ரசல் போனில் பேசினான். "எக்கா, எனக்குள்ள டின்ன மறந்திராத" என்றான். வருடாவருடம் யாராவது குவைத் போகிறவர் கையில் பலகார டின் ஒன்று கொடுத்துவிடுவோம். ஒன்பது வயதில் அம்மா அப்பா இல்லாமல் என் கையில் வந்தவன். அப்போதும் இதே குரலில்தான் கேட்பான்.

டிசம்பர் 11, புதன்

மதியம் குவைத்திலிருந்து போன். கம்பெனி ஆள். என் வீட்டுக்காரர்தான் எடுத்தார். நான் சிறுபயறு வறுத்துக்கொண்டிருந்தேன். இவர் அடுக்களை வாசலில் வந்து நின்ற நிற்பிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

ராத்திரி படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லையாம். அந்த வார்த்தையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பயறு கரிந்துவிட்டது.

ஷாலெட் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இவர் படியேறப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"சொல்லாண்டாமா?" என்றார்.

"சொல்லலாம். பெட்டி வரட்டும். பேப்பர் எல்லாம் சரியாகி வர மாசம் முடிஞ்சிரும்ணு சொல்லுதாவல்லா. அது வரைக்கும் அவள ஏன் போட்டுக் கொல்லணும்?"

"அவளுக்க மாப்பிள்ளையாக்கும், ரெத்தினம்."

"எனக்க தம்பியாக்கும்."

இவரை முகத்தைக் கழுவச் சொன்னேன். நானும் கழுவிக்கொண்டேன். ஜெபிஷா ஆபீஸிலிருந்து வந்தால் அவளுக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஷாலெட் இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது, சோப்புத் தூள் பட்டுவிட்டதாம். அடுக்களையில் வந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"என்ன பாத்துட்டு நிக்குத? முறுக்குக்குப் பச்சரிசி ஊறப் போடு" என்றேன்.

கொஞ்சம் நின்றாள். பிறகு போய் அரிசியை அளந்தாள்.

டிசம்பர் 12, வியாழன்

அரிசி மாவு பொடித்தாயிற்று.

டிசம்பர் 14, சனி

அச்சு முறுக்கு. கல்யாணமாகி வந்த வருடம் ஷாலெட் அச்சை மாவுக்குள் முழுக்க முக்கிவிட்டாள். மேலே மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று விழாது, அச்சோடு கரிந்து போகும். முக்கால் அளவுதான் முக்க வேண்டும் என்று தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவள் கைக்கு அது வந்துவிட்டது. அச்சை எண்ணெயில் காய வைத்து, மாவில் தொட்டு, திரும்ப எண்ணெயில் ஓர் ஆட்டு ஆட்டினால் பூ மாதிரி விழுகிறது. என்னைவிட நன்றாகச் செய்கிறாள் என்று ஊரில் சொல்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்.

பாதியில் எண்ணெய் தெறித்து அவள் முன்கையில் பட்டது. தோல் உடனே கொப்பளித்துவிட்டது. அவள் கையை இழுக்கக்கூட இல்லை. அடுத்த அச்சை முக்கினாள். மரக்கட்டை.

ருசி பார்க்கச் சொன்னேன். வயிறு சரியில்லை என்றாள். மற்ற வருடங்களில் சட்டியிலிருந்து எடுக்கும் முன்பே வாயில் போடுகிற ஆள்.

சாயங்காலம் சட்டியை இறக்கும்போது கேட்டாள்: "மைனி, அவருக்கு அங்க ரொம்பக் குளிருமா?"

"டிசம்பர் மாசம்லா. குளிரத்தான் செய்யும்."

"கம்பளி குடுப்பாவளா?"

"கம்பெனில எல்லாம் குடுப்பாவ. நீ வேலையப் பாரு."

டிசம்பர் 16, திங்கள்

ரசலின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, புதுசு வாங்க நாளாகும் என்று ஷாலெட்டிடம் சொன்னேன். சரி என்றாள். மேற்கொண்டு ஒரு கேள்வி இல்லை. கட்டின புருஷன் நாள்கணக்கில் பேசவில்லையென்றால் நான் வீட்டைத் தலைகீழாக்கியிருப்பேன். இப்படி ஒருத்தியையா என் தம்பி தேடிக் கட்டினான் என்று ஆத்திரமாக வந்தது. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், காரியம் சுலபமாகப் போகிறது.

டிசம்பர் 17, செவ்வாய்

முந்திரிக்கொத்து. பாகு பதம் பிசகவில்லை. இவர் அடுக்களைப் பக்கமே வருவதில்லை. சாப்பாட்டைக்கூட முன்னறைக்குக் கொண்டுவரச் சொல்கிறார். எண்ணெய் வாசனை ஒத்துக்கொள்ளவில்லையாம்.

டிசம்பர் 19, வியாழன்

ஷாலெட் தானாகவே கேட்டாள்: "அவருக்குள்ள டின் அனுப்பாண்டாமா மைனி?"

சமாளித்துக்கொண்டு, இவருடைய சிநேகிதர் ஒருவர் நாளைக் கழித்துக் குவைத் போகிறார் என்று சொன்னேன். அவள் தன் அறையில் வைத்து டின்னை அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, என் கையில் தந்தாள். கனமாக இருந்தது.

"யாரு கொண்டு போறா?"

"உனக்குத் தெரியாது அவிய."

"பத்திரமாக் கொண்டு சேக்கணும்" என்றாள்.

இவர் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, அவள் குளிக்கப் போன நேரத்தில் திரும்பக் கொண்டுவந்தார். டின்னைப் பரணில் பழைய சாக்குக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். இந்த ஒரு வேலைக்கே ஸ்கூட்டரை அணைக்க மறந்து வாசலில் ஓடவிட்டிருந்தார். ஆண்பிள்ளை.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் போதகர் கேட்டார்: "குவைத் தம்பி எப்படியிருக்கான்? நிச்சயத்துக்கு வருவானா?"

"லீவு கிடைக்கல்ல ஐயா. சுகமா இருக்கான்."

ஷாலெட் பக்கத்தில்தான் நின்றாள். போதகர் அவளையும் பார்த்துச் சிரித்தார். அவள் தலையை ஆட்டினாள். சர்ச் வாசலில் நின்று சொன்னதற்காக ராத்திரி முழங்காலில் நின்றேன். ஒரு பெண்ணைக் கரையேற்றுவதற்காகச் சொன்னது. கர்த்தருக்கும் தெரியும்.

டிசம்பர் 24, செவ்வாய்

கேக் நன்றாக வந்திருக்கிறது. ஆப்பத்துக்கு மாவு புளிக்கிறது. ஆட்டுக்கறி நாளைக் காலையில்.

உடைந்த முறுக்குகளைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. சின்ன வயதில் ரசல் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இது உடைஞ்சுட்டு எக்கா, இத எனக்குத் தா" என்று நல்ல முறுக்கையும் விரலால் தட்டி உடைப்பான். கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்கு முடியவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதேன். என் பிள்ளை. எந்த ஐஸ் பெட்டியில் கிடக்கிறானோ.

வெளியே வந்தபோது ஷாலெட் கதவுக்கு எதிரே சுவரில் சாய்ந்து நின்றாள்.

"என்ன மைனி?"

"சளி."

அவள் இன்னும் ஏதோ எதிர்பார்க்கிற மாதிரி நின்றாள். ஜெபிஷாவின் பட்டுக்கு இஸ்திரி போடச் சொல்லி அனுப்பினேன்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். ஆப்பம் மென்மையாக வந்தது. பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொடுத்தனுப்பினோம். எல்லோரும் புகழ்ந்தார்கள். ஷாலெட் புதுச் சேலை கட்டவில்லை, நிச்சயத்துக்கு வைத்திருக்கிறாளாம்.

டிசம்பர் 27, வெள்ளி

மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு வேன் வருகிறது என்று தரகர் காலையில் சொன்னார். நாங்கள் ஒன்றுக்குத்தான் கணக்கிட்டிருந்தோம். அச்சு முறுக்கு எப்படியும் போதாது. இன்னொரு முறை சட்டி வைக்க நேரமில்லை.

பரணில் இருக்கிற டின் ஞாபகம் வந்தது. தின்ன ஆள் இல்லாத பலகாரத்தை எறும்புக்கா கொடுக்க முடியும்? அவனுடைய மருமகளுக்குத்தானே உதவப் போகிறது. உயிரோடு இருந்தால் அவனே எடுத்துக் கொடுப்பான். ஷாலெட் கடைக்குப் போன சமயம் ஏணி போட்டு இறக்கினேன்.

மூடியைத் திறந்தேன். முறுக்கு இல்லை. டின் நிறையக் குந்திரிக்கம், சாம்பிராணி மாதிரிப் புகைக்கிற பிசின். அடக்கத்தின்போது பெட்டிக்குள் போடுகிறோமே, அதே குந்திரிக்கம். அறை முழுக்க வாசனை ஏறிவிட்டது.

இந்தப் பெண்ணுக்கு எதை எங்கே வைப்பது என்று ஒரு நாளும் தெரிந்ததில்லை. சர்ச்சுக்கு வாங்கியதை டின் மாற்றிப் போட்டிருப்பாள். கேட்கலாம் என்று பார்த்தால், குவைத் போன டின் எப்படி உங்கள் கையில் இருக்கிறது என்று அவள் கேட்பாள். மூடி, பழைய இடத்திலேயே வைத்தேன். ஜன்னலெல்லாம் திறந்துவிட்டேன். ஷாலெட் வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, தன் அறைக்குப் போனாள்.

நாளை ஒரு நாள். நாளை ஒரு நாள் போகட்டும் ஆண்டவரே.

டிசம்பர் 28, சனி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். தூக்கம் வரவில்லை.

பதினொரு மணிக்கு இரண்டு வேனுக்குப் பதில் இரண்டு கார் வந்தது. செல்வபாயும் நாலைந்து பெண்களும், ஆண்கள் இரண்டு பேரும். எல்லோரும் வெள்ளையும் வெளுத்த நிறங்களுமாகக் கட்டியிருந்தார்கள். தலைவி வீடு, எளிமையாக வருகிறார்கள் என்று நினைத்தேன். பூ இல்லை, தட்டு இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. பின்னால் வேனில் வருவார் என்று நினைத்தேன். என் மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

ஊர்க்காரர்கள் முன்னறை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக வந்து உட்கார்ந்தார்கள். சிரிப்பில்லை. நான்தான் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கொரு தட்டாக முறுக்கு, முந்திரிக்கொத்து, வாழைக்காய் உப்பேரி, கேக் எல்லாம் வைத்தோம். ஒருவரும் தொடவில்லை. காப்பியில் ஆடை படிந்தது.

"எடுங்க, எல்லாம் வீட்டுல செஞ்சதாக்கும்" என்றேன்.

செல்வபாய் தட்டைப் பார்த்தார்கள். "யாரு செஞ்சா?"

"எனக்க தம்பிக்க பொண்டாட்டி. அச்சு முறுக்குல அவள மிஞ்ச ஆளில்ல." அவளை நான் வெளியாள் முன்னால் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை.

"அந்தப் பிள்ளையக் கொஞ்சம் விளியுங்க."

ஷாலெட் உள்ளேயிருந்து வந்தாள். நான் வாங்கிக் கொடுத்த மாம்பழக் கலர் பட்டு கட்டியிருந்தாள். தலையில் பூவைக் காணோம். செல்வபாய் எழுந்து போய் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"நாங்க துட்டி கேக்க வந்திருக்கோம், மக்களே" என்றார்கள்.

எங்கள் ஊரில் துட்டி கேட்க வருவது சாவு வீட்டுக்கு மட்டும்தான். உள்ளே பட்டும் பூவும் வைத்து உட்கார்ந்திருந்த ஜெபிஷாவின் குரல்தான் முதலில் கேட்டது.

"யாருக்கம்மா துட்டி?"

நான் தொடாத தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தேன்.

"மாமாவுக்கா? அம்மா, மாமாவுக்கா?"

"இண்ணைக்குக் காலையிலதான் தகவல் வந்துது" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இவிய எல்லாம் பொறப்பட்டு வந்தாச்சேண்ணு..."

"பதினொண்ணாந் தேதி வந்துது" என்றாள் ஷாலெட். கத்தவில்லை. சமையல் குறிப்பு சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். "அவருகூடத் தங்கியிருந்த ஆளு எனக்கு விளிச்சாரு. மாடியில துணி காயப் போட்டுட்டு நின்னேன். கீழ எறங்கி வந்தேன். இப்பம் சொல்லுவாவ, இப்பம் சொல்லுவாவண்ணு உங்க வாயப் பாத்துட்டு நின்னேன், மைனி. நீங்க அரிசி ஊறப் போடச் சொன்னிய."

"தெரிஞ்சுட்டு ஏன் சும்மா இருந்த? ஏன் நீ அழல்ல?"

"நீங்க சேத்துப் பிடிச்சுட்டு அழுவியண்ணு நெனச்சேன். எனக்கு இந்த வீட்டுல வேற யாரு இருக்கா? ஒவ்வொரு நாளும் பாத்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு வேல சொன்னிய. சட்டி வைக்கச் சொன்னிய, வச்சேன். சிரிக்கச் சொன்னிய, சிரிச்சேன். சர்ச்சு வாசல்ல சுகமா இருக்காண்ணு சொன்னிய, அதுக்கும் தலைய ஆட்டினேன்." செல்வபாயைக் காட்டினாள். "காலையில இந்த அம்மாவுக்கு விளிச்சுச் சொன்னேன். ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காண்டாம்ணும் சொன்னேன்."

அப்புறம்தான் அழுதாள். தரையில் உட்கார்ந்து, பட்டுச் சேலையோடு, இத்தனை நாளுக்கும் சேர்த்து. வந்த பெண்கள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். என் வீட்டில், என் தம்பிக்காக, என்னைத் தவிர எல்லோரும். நான் கிட்டே போனேன். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை.

போகும்போது செல்வபாய் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைகளுக்க காரியத்தக் கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்றார்கள். எங்கள் ஆட்கள் சம்பந்தம் வேண்டாம் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல மாட்டார்கள்.

சாயங்காலம் ஷாலெட்டின் அண்ணன் அருமனையிலிருந்து வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். பரண் மேலிருந்து டின்னை அவளே இறக்கி எடுத்துக்கொண்டாள். அங்கேதான் இருக்கிறது என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

டிசம்பர் 30, திங்கள்

ஜெபிஷா கதவைத் திறப்பதில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் பலகாரம் கொண்டுபோனேன். வாசலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று வாங்கித் தின்றதையும் நினைத்திருப்பார்கள்.

ஜனவரி 3, வெள்ளி

பெட்டி வந்தது. கம்பெனிக்கு அவள்தான் மனைவி, அவள் கையெழுத்துதான் செல்லும். அடக்கம் அருமனையில், அவர்கள் சபைக் கல்லறையில் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நான் வளர்த்த பிள்ளையை எனக்குத் தெரியாத மண்ணில் வைக்கிறார்கள். இருந்தும் போனோம்.

திருவனந்தபுரத்துக்கு மத்தியானம்தான் பெட்டி வரும் என்று அவள் வீட்டிலிருந்து எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மூன்று மணிக்கு நாங்கள் அருமனை போய்ச் சேர்ந்தபோது பந்தலில் பாட்டு முடிந்துவிட்டிருந்தது. பெட்டி விடியற்காலையிலேயே வந்துவிட்டதாம். ஊரெல்லாம் வரிசையில் நின்று முகம் பார்த்து, ஆணி அடித்தும் ஆகிவிட்டது. பலகைக்குள்ளிருந்து குந்திரிக்கம் மணத்தது.

நான் பெட்டியின் மேல் விழுந்தேன். ஒருமுறை திறங்கள் என்று போதகர் காலைப் பிடித்தேன். அவர் ஷாலெட்டைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"ஒம்பது வயசுல இருந்து வளத்தேன்டி. ஒரே ஒரு வாட்டி முகத்தக் காட்டு."

"நாளாச்சுது மைனி. நீங்க பாக்கக்கூடிய கோலத்துல இல்ல" என்றாள்.

ஊரே பார்த்திருக்கிறது. நான் மட்டும் பார்க்கக் கூடாத கோலம் என்ன? குழிக்குள் இறக்கினார்கள். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். இவர் போட்டார், ஜெபிஷா போட்டாள். நானும் போட்டேன்.

ஆட்கள் கலைந்த பிறகு அவளிடம் போனேன். வெள்ளைச் சேலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்கையில் எண்ணெய் பட்ட இடம் கறுத்துப் போயிருந்தது. எனக்கு ரோஷமெல்லாம் போய்விட்டது. அவள் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"மீசைய எடுத்துட்டேன்னு போன மாசம் சொன்னான். நான் அப்படி அவனப் பாத்ததே இல்ல. எப்படி இருந்தான்? அதையாவது சொல்லு, ஷாலெட்."

அவள் குனிந்து என் தோளில் கை வைத்தாள். சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"இப்பம் சொன்னா தாங்க மாட்டிய, மைனி" என்றாள். "அடுத்த கிறிஸ்துமஸ் கழியட்டு. பெறவு சொல்லுதேன்."